மூன்றாவது காலடி

போன வாரம் ஐடா ஸ்கடரை எங்கே விட்டுவிட்டு வந்தோம்?

திண்டிவனம் மிஷன் பங்களாவில். ராத்திரி நேரம். அறையில் விளக்கு எரிகிறது. வராந்தாப் படியில் யாரோ ஏறிவரும் சத்தம். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் மறுநாளே போனில் சண்டைக்கு வந்துவிட்டார். ஒரு மனுஷனை வாரம் முழுக்கப் படியிலேயே நிற்க வைப்பது நியாயமா சார் என்றார். நியாயமே இல்லை, ஒப்புக்கொண்டேன். போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார். "அன்றைக்கு ராத்திரி ஆண்டவர் அந்தப் பெண்ணோடு பேசினாரா, இல்லையா? அதையாவது சொல்லிவிடுங்கள்."

அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில், படியில் நிற்பவர் மேலே வரட்டும்.

அவர் ஒரு பிராமண இளைஞர்.

அந்தக் காலத்தில் ஒரு பிராமணர் வெள்ளைக்காரப் பாதிரி வீட்டுப் படியேறுவது லேசான காரியம் இல்லை. அதுவும் இருட்டிய பிறகு. தெருவில் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், தீட்டு, பிராயச்சித்தம் என்று ஊர் வாய் ஓயாது. அதெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். ஒருவன் அப்படி வருகிறான் என்றால் வீட்டில் எரிகிற நெருப்பு பெரிது.

மனைவிக்குப் பிரசவ வலி. மனைவி என்றால் பதினாலு வயசுப் பெண். மருத்துவச்சி பார்த்துவிட்டுத் தன்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டாள். அமெரிக்காவில் படித்த பெண் ஒருத்தி பங்களாவுக்கு வந்திருப்பதாக ஊரில் பேச்சு. அதை நம்பித்தான் ஓடிவந்திருக்கிறார். நீங்கள் வந்து அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

ஐடாவுக்கு வைத்தியத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் பக்கத்திலேயே அப்பா இருக்கிறார். டாக்டர் ஜான் ஸ்கடர். சுற்று வட்டாரம் முழுக்கப் பேர் சொல்லும் வைத்தியர். எனக்குத் தெரியாது, என் அப்பா வருவார், அவர் பெரிய டாக்டர் என்றாள்.

வந்தவர் பின்வாங்கினார்.

குடும்பத்து ஆண்களைத் தவிர அவள் முகத்தை வேறு ஆண் பார்த்ததில்லை. பிரசவ அறைக்குள் ஒரு ஆண்பிள்ளையா? அதைவிட அவள் செத்துப்போவதே மேல் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இருட்டில் இறங்கிப் போனார்.

இந்த இடத்தில் நமக்குக் கோபம் வரும். வரவேண்டியதுதான். ஆனால் அந்த இளைஞரை என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. மனைவிக்காகச் சாதிக் கோட்டைத் தாண்டி வந்தவர் அவர். அடுத்த கோட்டைத் தாண்ட அவருக்குக் கால் எழவில்லை. ஒரே ராத்திரியில் ஒரு மனுஷன் எத்தனை கோடுதான் தாண்டுவான்?

பெண் டாக்டரே நாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள், விரல் விட்டு எண்ணும் அளவுக்கு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார அம்மையார் முயற்சியில் 1885-ல் கோஷா ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது. இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று இருக்கிறதே, அதுதான். ஆனால் திண்டிவனத்திலிருந்து சென்னை நூற்றிருபது கிலோமீட்டர். இடுப்பு வலி ரயில் வரும்வரை பொறுக்குமா?

ஐடா அறைக்குத் திரும்பினாள். மனசு நிலைகொள்ளவில்லை.

மறுபடியும் வராந்தாவில் காலடி.

மனம் மாறி அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து போனாள். வேறு ஆள். இவர் முஸ்லிம். இவர் வீட்டிலும் அதே கதை. மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, கைவசம் இருந்த வைத்தியமெல்லாம் தோற்றுவிட்டது.

ஐடா மறுபடியும் அப்பாவைக் காட்டினாள்.

இவரும் மறுத்தார். அந்நிய ஆண் அவளைப் பார்க்கக் கூடாது என்றார். கோயில் வேறு, பள்ளிவாசல் வேறு, வேதம் வேறு. ஆனால் பிரசவ அறை வாசலில் போட்டிருந்த தாழ்ப்பாள் மட்டும் ஒரே கொல்லன் அடித்தது. அவரும் இருட்டில் இறங்கிப் போனார்.

அப்புறம் மூன்றாவது காலடி.

இன்னொரு மேல்சாதி இந்து. இன்னொரு இளம் மனைவி. அதே வேண்டுதல், அதே பதில், அதே மறுப்பு.

இவரும் போய்விட்டார்.

மூன்று வீடு. மூன்று பெண். ஒரே ராத்திரி. நடுவில் ஒரு பங்களா. அந்தப் பங்களாவுக்குள் வரத் தயாராக ஒரு டாக்டர். ஆனால் அவர் ஆண். கேட்டு வந்த மூன்று பேருக்கும் வேண்டியது ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கோ ஒன்றும் தெரியாது.

ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் யாருக்கும் சாமுவேல் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலயத்தில் படுத்திருக்கும் சின்னப் பையன். ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் கிழவர். இப்படி மூன்று தடவை ஓடுகிறான். கூப்பிடுகிறவர் வேறு யாரோ என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

ஐடாவையும் இப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது. மூன்று தடவையும் அப்பாவைக் காட்டினாள். கூப்பிட்டது அப்பாவை இல்லை.

ஆனால் அது அவளுக்கு அப்போது உறைத்திருக்காது. சாமுவேலையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டார் ஆண்டவர். இங்கே வந்து நின்றவர்களுக்கு அவள் பேர்கூடத் தெரிந்திருக்குமோ என்னவோ.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

விடிந்தது. ஊருக்குள்ளிருந்து பறைச் சத்தம் வந்தது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும். கல்யாண மேளம் வேறு, இது வேறு. கேட்ட மாத்திரத்தில் வயிற்றைப் பிசையும். ஐடா வேலைக்காரரை அனுப்பி விசாரித்துவரச் சொன்னாள். எந்த வீட்டுச் சாவு? அவர் போய்விட்டு வந்தார்.

மூன்று பேரும் போய்விட்டார்கள்.

ஒருத்தியாவது பிழைத்திருக்கக் கூடாதா என்று இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அவர்கள் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. மூன்று புருஷன்கள் கதவைத் தட்டினார்கள் என்று எழுதி வைத்த வரலாறு, உள்ளே படுத்திருந்தவர்களின் பேரைக் கேட்டு வைக்கவில்லை.

ஐடா தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தத் தொடரின் முக்கியமான நேரம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நடக்கிறது. அங்கே நமக்கு அனுமதி இல்லை. ஆனால் அவள் எதைச் சுமந்துகொண்டு உள்ளே போனாள் என்று நமக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதல் சுமை, குடும்பப் பேர். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானம் உள்ள டாக்டர். ஒரு நோயாளி வீட்டில் காத்திருந்தபோது மேஜை மேல் கிடந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். உலகம் முழுக்க சுவிசேஷம் போய்ச் சேரவேண்டும் என்று சொன்ன புத்தகம். அவ்வளவுதான். 1819-ல் மனைவியோடு கப்பல் ஏறிவிட்டார். முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு, பிறகு சென்னை. அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். அவர் பிள்ளைகள் மிஷனரி ஆனார்கள். பேரப் பிள்ளைகளும் அதே வழி. அந்த வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்த்து 'நீ என்ன ஆகப்போகிறாய்?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். பதில் தொட்டிலிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும்.

ஐடா அந்த வீட்டின் கடைக்குட்டி. ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். ராணிப்பேட்டையில் பிறந்தவள்.

இரண்டாவது சுமை, தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் கதைகளில் இன்னும் பசித்துக் கிடக்கிறதே, அதே பஞ்சம். அப்போது ஐடாவுக்கு ஆறு வயசு. பங்களாவுக்கு வந்த குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்தார்கள். வாங்கித் தின்னக்கூடத் தெம்பில்லாத குழந்தைகள். ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டும் வேலை ஆறு வயசு ஐடாவுக்கு. ஆறு வயசில் அதைப் பார்த்த பிள்ளைக்கு இந்த நாட்டின் மேல் பாசம் வருமா, பயம் வருமா?

அவளுக்குப் பயம்தான் வந்தது. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாவது சுமைதான் எல்லாவற்றிலும் கனம். பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. கொஞ்ச காலத்தில் அப்பா இந்தியா திரும்பினார். அடுத்து அம்மாவும் கிளம்பினார். ஐடாவைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா போன ராத்திரி, அம்மா படுத்த தலையணையில் முகத்தைப் புதைத்து அழுத பெண் அவள். ஊழியம் என்ற சொல்லை நாம் சபையில் கேட்கும்போது நெஞ்சு நிமிரும். ஐடாவுக்கு அந்தச் சொல் கேட்டால் ஈரத் தலையணைதான் நினைவு வந்திருக்கும்.

நார்த்ஃபீல்டில் மூடி பிரசங்கியார் நடத்திய பள்ளியில் படித்தாள். கலகலப்பான பெண், கூட்டத்தில் முன்னால் நிற்பவள். நீயும் மிஷனரி ஆகத்தான் போகிறாய் என்று தோழிகள் சீண்டுவார்கள். ஒருக்காலும் இல்லை என்பாள். நினிவேக்குப் போ என்றால் தர்ஷீசுக்கு டிக்கெட் எடுத்தவன் யோனா. ஐடாவின் தர்ஷீஸ் அமெரிக்காவிலேயே இருந்தது. நல்ல வீடு, நல்ல சிநேகிதம், நல்ல வாழ்க்கை. அவளைத் திருப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது பெரிய மீன் எதுவும் இல்லை, அம்மாவின் உடம்பு. அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. கொஞ்ச நாள் கூட இருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற முடிவோடுதான் திண்டிவனம் வந்தாள். வந்த இடத்தில் பெண் பிள்ளைகள் பள்ளியையும் கவனித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு அடி இல்லை.

இத்தனையையும் தூக்கிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போயிருக்கிறாள். இப்போது மேலே மூன்று பிணம் வேறு.

கதவு இன்னும் திறக்கவில்லை. நாம் வெளியே நின்று என்ன செய்வது? வாருங்கள், திருவள்ளூர் வரை ஒரு நடை போய்வந்துவிடுவோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

திருவள்ளூர் ஸ்டேஷனில் காலையில் காட்பாடிப் பக்கம் போகும் ரயிலுக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆபீஸ் போகிறவர்கள் அரக்கோணம் பக்கம் பார்த்தபடி போனில் மூழ்கியிருப்பார்கள். நடுவில் சிலர் தனியாகத் தெரிவார்கள். கையில் பெரிய எக்ஸ்ரே கவர். துணிப்பை நிறையப் பழைய ரிப்போர்ட். கூடவே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு போர்வை. எங்கே என்று கேட்கவே வேண்டாம். வேலூர்.

கும்மிடிப்பூண்டியில் இது இன்னும் விசேஷம். அங்கே இரும்பு ஆலைகளில் வங்காளத்துப் பையன்கள், ஜார்கண்ட் பையன்கள், ஒடிசாப் பையன்கள். இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் எந்த ஊர் பேர் கேள்விப்பட்டாய் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். வேலூர் என்று சொல்கிறவன் ஒருவனாவது இருப்பான். மாமாவுக்கு ஆபரேஷன், பாட்டிக்குக் கண், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருதயம் என்று ஆளுக்கொரு கதையும் இருக்கும். இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து அந்த ஊருக்கு வருகிற ஜனங்கள்.

(திருவள்ளூர்க்காரர்கள் இப்போது என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஈக்காட்டு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டீர்களே என்பார்கள். மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு தனி வாரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவசரப்படக் கூடாது.)

அந்த எக்ஸ்ரே கவர் கூட்டம் முழுவதும் போய் நிற்கிற வேலூர் ஆஸ்பத்திரி வாசல், திண்டிவனத்தில் சாத்திக்கிடக்கிற அந்த அறைக் கதவுதான். அது திறக்கவில்லை என்றால் காட்பாடி ரயிலில் அந்தப் போர்வைகள் இல்லை.

திரும்புவோம்.

அறைக்குள் ஐடா ஜெபித்தாள். யோசித்தாள். வெகு நேரம். பிற்காலத்தில் அவரே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதன்முதலாக ஆண்டவரை நேருக்கு நேர் சந்தித்தது அன்றைக்குத்தான் என்பதாக நினைவுகூர்ந்தார். அவர் தன்னை இந்த வேலைக்குக் கூப்பிடுவதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது என்றும் சொன்னார்.

கும்மிடிப்பூண்டி வாசகரே, கவனித்தீர்களா? 'தோன்றியது' என்றுதான் சொன்னார். வானம் திறந்தது, ஒளி இறங்கியது என்று ஒரு வார்த்தை இல்லை. உபதேசியார் சொல்லும் சாட்சிகளில் வருவதுபோல ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்படியானால் ஆண்டவர் பேசினாரா, இல்லையா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பேசினார். முந்தைய ராத்திரியே பேசி முடித்துவிட்டார். ஒரு பிராமணர் வாயால், ஒரு முஸ்லிம் வாயால், இன்னொரு இந்து வாயால். அவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தியை அழைக்க, அவரை ஆண்டவர் என்று ஏற்காத மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். காலையில் ஐடா கேட்டது புதுச் செய்தி இல்லை. வந்த செய்திக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள், அவ்வளவே.

கையெழுத்துப் போடுவது சுலபமா?

அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று பாருங்கள். ரொட்டி ஊட்டிய நாளிலிருந்து எந்த ஊரை விட்டு ஓட நினைத்தாளோ, அந்த ஊருக்கே ஆயுசு முழுக்கத் தன்னை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் உடனே முடியாது. முதலில் அமெரிக்கா திரும்பவேண்டும். ஆண்கள் கோட்டையாக இருந்த மருத்துவப் படிப்பைப் படிக்கவேண்டும். அதற்கு வருஷக் கணக்காகும். அதுவரை எத்தனை வீட்டில் எத்தனை காலடி இருட்டில் இறங்கிப் போகும்? அந்தக் கணக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கதவு திறந்தது.

வெளியே வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னாள். அமெரிக்கா போய் மருத்துவம் படிக்கப் போகிறேன். படித்துவிட்டு இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வருவேன்.

இதுவரைக்கும் 'அவள்' என்றே எழுதி வந்தேன். வீட்டுப் பெண் மாதிரி பழகிவிட்டது. இனிமேல் கை வராது.

ஐடா 1895-ல் ஃபிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் முன்னால் மராட்டியத்துப் பெண் ஆனந்திபாய் ஜோஷி டாக்டர் பட்டம் வாங்கினாரே, அதே கல்லூரி. நம் ஊர்ப் பெண் ஒருவர் அங்கே போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பியவுடன் காசநோயில் போய்விட்டார். அந்த ஊர்ப் பெண் ஒருவர் அதே படிப்பைப் படித்துவிட்டு இங்கே வரப் போகிறார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது ஐடா அங்கே மாறினார். 1899-ல் டாக்டர்.

படிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கட்டக் காசு?

வேலூரில் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும், அதற்கு எட்டாயிரம் டாலர் திரட்டிக்கொண்டு வா என்று பொறுப்புக் கொடுத்தார்கள். கப்பலுக்கு நாள் நெருங்குகிறது. காசு வருகிற வழி தெரியவில்லை. நியூயார்க்கில் மிஷன் காரியங்களில் முன்னால் நின்ற ஹாரியட் டேபர் என்ற அம்மாள் வீட்டுக்கு ஐடா போனார். உட்கார்ந்து திண்டிவனத்து ராத்திரியைச் சொன்னார். வேலூரைச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது ஐடாவுக்குத் தெரியாது.

ராபர்ட் ஷெல் என்ற கிழவர். பேங்க் தலைவர். மனைவியை இழந்தவர். பேங்க்காரர் காது எப்படிப்பட்ட காது என்று உங்களுக்குத் தெரியும். கடன் கேட்டு வருகிறவர்களின் குரலை ஆயுசெல்லாம் கேட்டுப் பழகியது. எது நிஜம், எது நாடகம் என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பிரித்துவிடும். மறுநாள் அவர் ஐடாவைக் கூப்பிட்டனுப்பினார். கேள்விகள் கேட்டார். செக்கை எடுத்தார்.

எட்டாயிரம் கேட்ட இடத்தில் பத்தாயிரம்.

ஒரே நிபந்தனை. மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் பேரால் அந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். பேர் தெரியாமல் போன மூன்று மனைவிகளிலிருந்து கிளம்பிய கதை, பேர் மறக்கக் கூடாத ஒரு மனைவியிடம் வந்து காசு வாங்கியது. இதை நான் ஜோடித்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

கையில் பட்டம். பெட்டியில் செக். கூடத் துணைக்குத் தோழி ஆனி ஹான்காக். 1900 புத்தாண்டு பிறந்த வேளையில் ஐடா மறுபடியும் நம் மண்ணில். இப்போது அப்பா வேலூரில் இருக்கிறார். ஐடாவின் திட்டம் தெளிவு. பட்டம் வேறு, பழக்கம் வேறு. கொஞ்ச வருஷம் அப்பா பக்கத்தில் நின்று கைப்பழக்கம் வரட்டும். அவர் இத்தனை வருஷம் நாடி பிடித்துச் சம்பாதித்த நம்பிக்கையின் நிழலில் மெதுவாக ஆரம்பிக்கலாம்.

நிழல் நாலே மாசம்தான் இருந்தது.

மே மாசம். அப்பா காலமானார்.

அன்றைக்கு ராத்திரி மூன்று தடவை யாரைக் கைகாட்டினாரோ, அந்த ஆள் இப்போது இல்லை. இனிமேல் கைகாட்ட யாரும் கிடையாது. ஐடாவுக்கு முப்பது வயசுகூட நிறையவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் காகிதத்தில்தான். இருப்பது பங்களாவில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில். கொஞ்சம் மருந்து பாட்டில்கள். நர்ஸ் கிடையாது. கம்பவுண்டர் கிடையாது. உதவிக்கென்று ஒரு ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தால், பங்களாவில் இருந்த சலோமிதான் கண்ணில் படுகிறார். சலோமி எந்த நர்ஸ் பள்ளி வாசலையும் மிதித்தவர் இல்லை.

அறையைத் துடைத்து, கட்டிலை விரித்து, பாட்டில்களை அடுக்கி, கதவைத் திறந்து வைத்தார்கள்.

யாரும் வரவில்லை.

ஊருக்குப் பழைய டாக்டரைத் தெரியும். இந்தச் சின்னம்மா யார்? பொம்பளைக்கு ஆபரேஷன் கத்தி பிடிக்க வருமா? வெள்ளைக்காரி மருந்தில் என்ன கலந்திருப்பாளோ? தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

திண்டிவனத்தில் மூன்று பேர் வந்து நின்றபோது வைத்தியம் தெரியாது. இப்போது தெரியும். வந்து நிற்கத்தான் ஆள் இல்லை.

பகல் போனது. விளக்கேற்றினார்கள். கதவை மட்டும் சாத்தவில்லை.

வராந்தாப் படியையே பார்த்தபடி ஐடா உட்கார்ந்திருக்கிறார்.

கும்மிடிப்பூண்டி நண்பரே, போனை எடுக்காதீர்கள். இந்தத் தடவை படியில் யாரையும் நிற்க வைக்கவில்லை. நிற்க ஆளே வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

முதல் காலடி யாருடையது?

(அடுத்த வாரம்)